சர்வர் என்றால் வழங்கி: வீட்டு மூலையில் ஓடும் கணினிக்குத் தமிழ்ப் பெயர்

சர்வர் என்றதும் பலர் நினைப்பது குளிரூட்டிய அறை, அடுக்கடுக்காகக் கறுப்புப் பெட்டிகள், மினுக்கும் விளக்குகள். அதனால் "வீட்டில் ஒரு சர்வர் ஓடுகிறது" என்று சொன்னால் பாதிப் பேர் நம்ப மாட்டார்கள், மீதிப் பேர் கரண்டு பில் எவ்வளவு வரும் என்று கேட்பார்கள். சர்வர் என்பதை ஒரு வகை இயந்திரத்தின் பெயராக எடுத்துக்கொள்வதால் வரும் குழப்பம் இது. உண்மையில் அது ஒரு வேலையின் பெயர். கேட்கிறவருக்குக் கேட்டதை எடுத்துக் கொடுக்கும் வேலை. அந்த வேலையை எது செய்கிறதோ அதுதான் சர்வர், அது பழைய மடிக்கணினியாக இருந்தாலும் சரி, ராஸ்பெரி பை என்ற உள்ளங்கை அளவு குட்டிக் கணினியாக இருந்தாலும் சரி.

ஆங்கிலத்தில் இந்தச் சொல் சாப்பாட்டு மேசையிலிருந்து வந்தது. உணவு பரிமாறுகிறவர் சர்வர். அதன் வேரைத் தோண்டினால் லத்தீனின் செர்வுஸ், அதாவது அடிமை. மலாய்க்காரர்கள் இதே வழியில்தான் போனார்கள்: கடையில் பரிமாறுகிறவரும் பெலாயான், கணினி சர்வரும் பெலாயான், அதனிடம் கேட்டு வாங்கும் கணினி பெலாங்கான், அதாவது வாடிக்கையாளர். இங்கே மலேசியாவில் பள்ளியில் கணினிப் பாடம் படித்த பிள்ளைகளுக்கு இந்த இரண்டு சொல்லும் நன்றாகத் தெரியும், தமிழ்ச் சொல்தான் தெரியாது.

கணினித் துறைக்கு வருமுன் இந்தச் சொல் கணிதத்தில் இருந்தது. வரிசையில் காத்திருப்பவர்களைப் பற்றிய கணக்கியலில், எத்தனை பேர் வருகிறார்கள், ஒருவருக்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது, கொடுக்கிறவர்கள் எத்தனை பேர் என்று பார்ப்பார்கள். அந்தக் கொடுக்கிறவர்தான் சர்வர். கணிதவியலாளர் டேவிட் கெண்டால் இந்தக் கணக்குகளுக்கு 1953இல் அமைத்த குறியீட்டில் மூன்றாவது இடம் சர்வர்களின் எண்ணிக்கைக்குத்தான். பிறகு கணினி வலைப்பின்னலை அமைத்தவர்கள் தங்களுக்குள் சுற்றுக்கு விட்ட குறிப்புகளில் ஒன்றான, 1969 ஜூனில் வந்த ஆர்எஃப்சி 5 என்ற ஆவணம் கணினிகளை இரண்டாகப் பிரித்தது: பயன்படுத்துகிறவர் உட்காரும் கணினி ஒன்று, அவருக்கு வேலை செய்து கொடுக்கும் சர்வர் கணினி இன்னொன்று. இணையத்துக்கு முன்னோடியான ஆர்பாநெட்டில் முதல் செய்தி போனது அந்த ஆண்டு அக்டோபரில்தான். வலைப்பின்னல் உயிர் பெறும் முன்பே சொல் வந்துவிட்டது.

சர்வர் என்பது வேலைதான் என்பதற்கு எனக்குப் பிடித்த சாட்சி, வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ ஜெனீவாவுக்குப் பக்கத்தில் செர்ன் ஆய்வகத்தில் வைத்திருந்த நெக்ஸ்ட் கணினி. உலகின் முதல் வலை சர்வர் அதுதான். மேசை மேல் இருந்த சாதாரணப் பணிக் கணினி. "இது சர்வர், அணைக்காதீர்கள்" என்ற பொருளில் சிவப்பு மையில் எழுதிய சீட்டு ஒன்றை அதன் மேல் ஒட்டியிருந்தார்கள். அதைச் சர்வர் என்று வெளியே காட்டியது அந்தச் சீட்டுதான். இன்னொரு சாட்சி லினக்ஸ் இயங்குதளம் பயன்படுத்துகிறவர்களுக்குத் தெரிந்தது: 1984இல் எம்ஐடியில் பிறந்த எக்ஸ் என்ற திரை அமைப்பு. அதில் சர்வர் நம் கண் முன்னால் இருக்கும் கணினியில் ஓடும், வேறு எங்கேயோ ஓடும் நிரல் அதனிடம் வந்து "எனக்குத் திரையில் கொஞ்சம் இடம் கொடு" என்று கேட்கும். முதல் தடவை படிக்கிற யாருக்கும் தலைகீழாகத் தோன்றும். யார் கொடுக்கிறார், யார் கேட்கிறார் என்று மட்டும் பார்த்தால் ஒரு குழப்பமும் இல்லை. திரை இருப்பவன் திரையைக் கொடுக்கிறான், அவ்வளவுதான்.

சரி, தமிழுக்கு வருவோம். இணையத்தில் இரண்டு சொல் புழங்குகின்றன, வழங்கி, சேவையகம். நான் வழங்கியின் பக்கம், அதுவும் உறுதியாக.

வழங்கு என்பது பழைய வினை, பொருள் நிறைய உள்ள வினை. கொடுப்பது ஒரு பொருள், அதை எல்லோரும் அறிவோம், நம் ஊர் நாளிதழ்களில் உதவிநிதி வழங்கப்படாத நாளே கிடையாது. நடமாடுவது இன்னொரு பொருள். 245ஆம் குறளில் "வளிவழங்கும் மல்லல்மா ஞாலம்" என்கிறார் வள்ளுவர், காற்று உலவும் வளமான பெரிய உலகம். புழக்கத்தில் இருப்பது மூன்றாவது, ஊரில் வழங்கும் சொல் என்கிறோமே அது, வழக்கும் வழக்கமும் அங்கிருந்து வந்தவைதான். பிறகு 11ஆம் குறள்: "வானின்று உலகம் வழங்கி வருதலால்". மழை நிற்காமல் பெய்வதால் உலகம் நிலைபெற்று வருகிறது என்று பரிமேலழகர் உரை சொல்கிறது. அங்கே வழங்கி என்பது வினையெச்சம், நம் கணினிப் பெயர் கிடையாது. ஆனால் கொடுப்பது, உலவுவது, ஓயாமல் நிலைத்திருப்பது என்று ஒரு சர்வரிடம் நாம் எதிர்பார்க்கும் எல்லாம் இந்த ஒரே வினைக்குள் இருக்கும்போது, வேறு சொல்லை ஏன் தேட வேண்டும் என்பதுதான் என் கேள்வி. அடிமை என்ற வேரும் இதில் இல்லை.

அப்புறம் அந்தக் கடைசி எழுத்து. வினையோடு இகரம் சேர்த்தால் அந்த வேலையைச் செய்யும் பொருளுக்குப் பெயர் கிடைத்துவிடும்: விசிறி, ஒலிபெருக்கி, தொலைபேசி, உலாவி. ஆளாக இருந்தால் வேறு விகுதி, வழங்குநர். இது சும்மா இலக்கண நுணுக்கம் இல்லை, வீட்டில் சர்வர் வைப்பவர்களுக்குத் தினமும் தேவைப்படும் வேறுபாடு. மாதாமாதம் பணம் வாங்கிக்கொண்டு இணைய இணைப்புத் தருகிற நிறுவனம் சேவை வழங்குநர், நம் வீட்டில் ஓடுவது வழங்கி. பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே பொது ஐபி முகவரியை, அதாவது இணையத்தில் நம்மைக் கண்டுபிடிக்க உதவும் எண்ணை, வழங்குநர் பங்கிட்டுக் கொடுத்திருந்தால், வீட்டிலுள்ள வழங்கியை வெளியிலிருந்து நேராகத் தொட முடியாது. 100.64 என்று தொடங்கும் முகவரி ரவுட்டரில் தெரிந்தால் பெரும்பாலும் இதுதான் காரணம், வயர்கார்டு, டெய்ல்ஸ்கேல் மாதிரி இணையத்துக்குள் தனிப் பாதை போடும் மென்பொருள் ஏதாவது ஒன்றைப் பிடித்துச் சுற்றி வர வேண்டும். இதையெல்லாம் ஒரு மூச்சில் சொல்ல இரண்டு தனிச் சொல் வேண்டும், தமிழில் அவை தயாராக இருக்கின்றன.

சேவையகம் தப்பான சொல் என்று சொல்ல மாட்டேன், நல்ல எழுத்தாளர்கள் பயன்படுத்துகிறார்கள். என் சங்கடம் அதிலுள்ள அகத்தோடு. நூலகம், மருந்தகம், பதிப்பகம் எல்லாம் நாம் நடந்து போகும் இடங்கள். அகம் வந்ததும் கட்டடம் வந்துவிடுகிறது, முதலில் சொன்ன அந்தக் குளிரூட்டிய அறையும் கூடவே வந்துவிடுகிறது. ஆனால் வீட்டு வழங்கியில் நடப்பது என்ன? ஒரே சின்னப் பெட்டிக்குள் விளம்பரங்களைத் தடுக்கும் பைஹோல் ஒரு வழங்கி, குடும்பப் படங்களை வைத்திருக்கும் இம்மிச் ஒரு வழங்கி, படம் காட்டும் ஜெல்லிஃபின் ஒரு வழங்கி, ஆளுக்கொரு போர்ட்டில், அதாவது எண்ணிட்ட வாசலில், காதை வைத்துக்கொண்டு காத்திருக்கின்றன. பெட்டி ஒன்று, வழங்கிகள் பல. இவற்றை ஆளுக்கொரு அகம் என்று சொன்னால் ஒட்டவில்லை.

பினாங்கில் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குப் போகும் வழியெல்லாம் தண்ணீர்ப் பந்தல் போடுகிறோம். கடை வாசலோ, கூடாரமோ, எங்கே தண்ணீர் கொடுக்கிறோமோ அது பந்தல். வழங்கியும் அப்படித்தான், கொடுக்கத் தொடங்கிய கணம் அந்தப் பெயர் வந்துவிடும்.

அதனால்தான் பெட்டி எது என்பதில் அலட்டிக்கொள்ள வேண்டாம் என்கிறேன். அலுவலகங்கள் கழித்துக் கட்டும் பழைய மினி பிசி ஒன்று தாராளமாகப் போதும். பழைய இன்டெல் சிப்பின் மூடியைப் பார்த்தால் பலவற்றில் மலாய் என்று நாட்டுப் பெயர் சுருக்கமாகப் பொறித்திருக்கும். இன்டெல் அமெரிக்காவுக்கு வெளியே தொடங்கிய முதல் ஆலை 1972இல் நம் பினாங்கில் வந்தது, பாயான் லெப்பாஸ் வட்டாரத்தில் நம் ஆட்கள் எத்தனையோ பேர் அந்த மாதிரி ஆலைகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றிருக்கிறார்கள். அங்கிருந்து புறப்பட்டு உலகம் சுற்றிய சிப் ஒன்று பழைய பெட்டிக்குள் திரும்பி வந்து இதே தீவில் ஒரு வீட்டில் வழங்கியாக உட்காருவதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு.

கரண்டு பில் கேட்டவர்களுக்கும் கணக்கு இருக்கிறது. 10 வாட் இழுக்கும் மினி பிசி 30 நாள் அணையாமல் ஓடினால் 7.2 யூனிட். 60 வாட் இழுக்கும் பழைய மேசைக் கணினி என்றால் 43.2 யூனிட், அப்போது கொஞ்சம் யோசிக்கலாம். பணத்தை விட இங்கே பெரிய கவலை இடி மின்னல். சாயங்காலம் ஓர் இடி இடித்தால் மெயின் டிரிப் ஆகி வீடே இருண்டுவிடும், ஓடிக்கொண்டிருந்த வட்டில் பாதி எழுதிய கோப்பு அப்படியே நிற்கும். மின்சாரம் போனாலும் சற்று நேரம் தாங்கும் பேட்டரிப் பெட்டியான சின்ன யூபிஎஸ் ஒன்று வைக்க வேண்டும், மின்சாரம் திரும்பியதும் கணினி தானாக எழும்படி பயாஸில், அதாவது கணினியின் அடிப்படை அமைப்புத் திரையில், ஓர் அமைப்பு உண்டு, அதையும் போட்டு வைக்க வேண்டும். படங்களின் நகல் ஒன்று வேறு வீட்டில் இருப்பது இன்னும் நல்லது.

வழங்கி என்ற சொல்லுக்கு வரும் எதிர்ப்பு ஒன்று நியாயமானது: வினையெச்சத்துக்கும் இதே வடிவம்தானே? "வழங்கி வழங்கி வருகிறது" என்று எழுத நேர்ந்தால் வாசிப்பவர் தடுக்கி விழுவார். உண்மைதான், அந்த இடத்தில் தருகிறது என்று மாற்றி எழுதிவிட்டால் போயிற்று. பெருக்கி, வெட்டி, விசிறி எல்லாவற்றுக்கும் இதே இரட்டை வேடம் உண்டு, அவற்றோடு நாம் சிரமம் இல்லாமல் வாழ்ந்துகொண்டுதான் இருக்கிறோம்.

கூட்டுச்சொல் அமைப்பதும் சுலபம். வலை வழங்கி, கோப்பு வழங்கி, அச்சு வழங்கி, மின்னஞ்சல் வழங்கி, தளப் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸுக்குப் பெயர் வழங்கி, இடையில் நின்று மற்றவருக்காகக் கேட்டு வாங்கித் தரும் பிராக்ஸிக்குப் பதிலி வழங்கி. ஹோம் சர்வருக்கு வீட்டு வழங்கி. எதிர்ப்பக்கம் இருக்கும் கிளையன்ட்டை வாங்கி என்றால் ஜோடி அழகாக அமைகிறது, ஆனால் சுமைதாங்கி, இடிதாங்கி போல முன்னால் ஒரு சொல் இல்லாமல் தனியே நிற்கும்போது வாங்கி கொஞ்சம் தடுமாறுகிறது, அதனால் கோப்பு வாங்கி, அஞ்சல் வாங்கி என்று சேர்த்தே எழுதுகிறேன்.

பினாங்கு கொம்தார் கோபுரத்தின் பக்கம் கணினிக் கடையில் பேசும்போது சர்வர் என்றே கேளுங்கள், அங்கே அதுதான் வழக்கு. எழுதும்போது வழங்கி என்று போடுங்கள். சர்வரை நாமே பராமரிக்காமல் நிரலை மட்டும் கொடுத்து ஓட வைக்கும் அண்மைக் காலத்துச் சர்வர்லெஸ்ஸை மட்டும் என்ன செய்வது என்று இன்னும் முடிவுக்கு வரவில்லை. முதுகெலும்பிலி மாதிரி வழங்கியிலி என்று அமைக்கலாம், அமைப்பு சரிதான், ஆனால் அங்கேயும் வழங்கி இருக்கத்தான் செய்கிறது, வேறொருவருடைய பெட்டியில், நாம் அழைக்கும்போது மட்டும் நமக்காக ஓடுகிறது. அதற்கு அழைப்பு வழங்கி என்பது பொருந்துகிறதா என்று எழுதிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.