சொல் விளக்கம்: பி.எஃப் உச்சவரம்பு

திருநெல்வேலிப் பக்கம் பி.எஃப் (தொழிலாளியும் முதலாளியும் மாதாமாதம் பணம் போடுகிற வருங்கால வைப்பு நிதி) பற்றிப் பேச்சு எழுந்தால் "லிமிட்" என்ற சொல் வந்தே தீரும். "சம்பளம் லிமிட்டைத் தாண்டிட்டு, இனி பி.எஃப் பிடிக்க மாட்டாவளாம்" என்பார் ஒருவர். "லிமிட்டுக்கு மேல போட்டா வரி கட்டணும்லா" என்பார் அடுத்தவர். "ஆயிரத்து எண்ணூறுதான் லிமிட், அதுக்கு மேல போட விடமாட்டாவ" என்பார் மூன்றாமவர். மூன்று பேரும் பேசுவது மூன்று வேறு விஷயங்களை, ஆனால் சொல் ஒன்றுதான். முதல் பேச்சு தப்பு, மூன்றாவதும் தப்பு, இரண்டாவது பாதிதான் சரி. இந்தக் குழப்பத்தில் பணம் போட முடிந்தவர்கள் போடாமலும், முதலாளி போட வேண்டிய பங்கைக் கேட்க வேண்டியவர்கள் கேட்காமலும் இருந்துவிடுகிறார்கள். அதனால் சொல்லில் இருந்தே தொடங்குவோம்.

லிமிட் என்ற ஆங்கிலச் சொல் பிரெஞ்சு வழியாக லத்தீனில் இருந்து வந்தது. லத்தீனில் "லீமெஸ்" என்றால் இரண்டு நிலங்களைப் பிரிக்கிற எல்லைப் பாதை. தமிழில் அதற்கு நேராக நாம் வைத்திருக்கிற "வரம்பு" என்ற சொல்லுக்கும் முதல் பொருள் வயல் எல்லைதான். சங்கப் பாடல்களிலேயே வரம்பு இப்படி வயலோடு சேர்ந்து வருகிறது. பேச்சில் அது வரப்பு ஆனது, இரும்பு என்பது இருப்புப்பாதையில் "இருப்பு" ஆகிறதே, அந்த மாதிரி மெல்லெழுத்து வலித்து வந்த வடிவம்.

வரப்பு என்ன செய்கிறது என்பது அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சிப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் நிற்க வேண்டும் என்று அது தீர்மானிக்கிறது, ஆட்கள் அதன் மேல் நடந்து போகிறார்கள், வேண்டுமென்றால் தாண்டியும் போகிறார்கள். பி.எஃப் வரம்பும் இந்தப் பொருளில்தான் வரம்பு. ஆனால் "வரம்பு மீறிப் பேசாதே" என்று கேட்டுக் கேட்டு, வரம்பு என்றாலே தாண்டக் கூடாதது என்று மனத்தில் பதிந்துவிட்டது. சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

அப்புறம் "உச்சவரம்பு". தமிழ்நாட்டில் இந்தச் சொல்லை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்தது நில உச்சவரம்புச் சட்டம். 1961-இல் வந்த சட்டம் ஒரு குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் (நிலத்தின் தரத்தைப் பார்த்துக் கணக்கிடும் ஏக்கர்) என்று வைத்தது, 1970-இல் அதை 15 ஆகக் குறைத்தார்கள். அந்த உச்சவரம்பு உண்மையிலேயே தாண்டக் கூடாதது, தாண்டினால் மிச்ச நிலத்தை அரசு எடுத்துக்கொள்ளும். அதே சொல்லைத்தான் பி.எஃப் சட்டத்தில் வருகிற சம்பளக் கோட்டுக்கும் "ஊதிய உச்சவரம்பு" என்று வைத்திருக்கிறோம். சொல் சரியான சொல்தான், நில உச்சவரம்பின் நினைப்போடு அதைப் படிப்பதுதான் சிக்கல்.

சரி, இந்த ஊதிய உச்சவரம்பு என்றால் என்ன? வேலைக்குப் போகிறவர் முதன்முதலாகச் சேரும்போது அவருடைய அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து எந்தத் தொகை வரை இருந்தால் அவரை பி.எஃப்-இல் கட்டாயம் சேர்க்க வேண்டும் என்று சொல்லும் கோடு அது. 1952-இல் சட்டம் வந்தபோது மாதம் 300 ரூபாய். ஏறி ஏறி 1994-இல் 5,000, 2001-இல் 6,500 என்று வந்து, 2014 செப்டம்பர் 1 முதல் 15,000 ஆனது. ஒருமுறை உறுப்பினர் ஆகிவிட்டால் பிறகு சம்பளம் 15,000-ஐத் தாண்டினாலும் அவர் உறுப்பினர்தான். "லிமிட்டைத் தாண்டியாச்சு, பி.எஃப் கிடையாது" என்று எந்த முதலாளியும் சொல்ல முடியாது. ஒன்று மட்டும் செய்யலாம், பங்கை 15,000-க்குக் கணக்கிட்டு அதோடு நிறுத்திக்கொள்ளலாம். கட்டாயம் அந்த உயரம் வரைதான்.

கணக்கை ஒரு ஆளை வைத்துப் பார்ப்போம். கங்கைகொண்டான் சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிறவருக்கு அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்ந்து மாதம் 28,000 என்று வைத்துக்கொள்வோம், அவர் பல வருடம் முன்பு குறைந்த சம்பளத்தில் சேர்ந்து மேலே வந்தவர். கம்பெனி உச்சவரம்போடு நிறுத்தினால் 15,000-இல் 12 சதவீதம், அதாவது 1,800 ரூபாய் அவர் பங்கு, இன்னொரு 1,800 கம்பெனி பங்கு. முழுச் சம்பளத்துக்கும் போட்டால் ஆளுக்கு 3,360. இரண்டும் சட்டப்படி சரி. மாதம் இரு பக்கமும் சேர்த்து 3,120 ரூபாய் வித்தியாசம், அதுவும் வட்டிக்கு வட்டி சேர்ந்து வளரும் பணம். 2024-25-க்கு வட்டி 8.25 சதவீதம். இந்தத் தொகை எந்தக் கணக்கில் வருகிறது என்று கேட்காமலே இருபது வருடம் வேலை பார்க்கிறவர்கள் நம்ம பக்கம் நிறைய.

இங்கே இன்னொரு விஷயம். சம்பளத்தை அடிப்படை கொஞ்சம், மற்ற படிகள் நிறைய என்று பிரித்துக் காட்டிப் பங்கைக் குறைக்கிற பழக்கம் உண்டு. எல்லாருக்கும் ஒரே மாதிரி கொடுக்கிற படிகளையும் அடிப்படையோடு சேர்த்துத்தான் பங்கு கணக்கிட வேண்டும் என்று 2019 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. உச்சவரம்புக்குக் கீழே சம்பளம் வாங்குகிறவர்களுக்கு இந்தத் தீர்ப்பு ரொம்ப முக்கியம்.

இப்போது "காண்ட்ரிபியூஷன்". லத்தீனில் "கான்" என்றால் சேர்ந்து, "த்ரிபுவெரே" என்றால் பகிர்ந்து கொடுப்பது. அரசு அலுவலகங்களில் இதைச் சந்தா என்று எழுதுவார்கள், பாரசீகத்தில் இருந்து வந்த சொல், பத்திரிகைச் சந்தா, சங்கச் சந்தா என்று ஊறிப்போன ஒன்று. அகராதிகள் பங்களிப்பு என்கின்றன. ஆனால் நம்ம ஊரில் யாரும் இரண்டையும் சொல்வதில்லை. "பி.எஃப் எம்புட்டு பிடிக்காவ?" என்றுதான் கேட்பார்கள். பிடித்தம். ஊர்ச்சொல் என்பதால் எனக்கு அது பிடிக்கும், ஆனாலும் பி.எஃப்-க்கு அது போதாது. பிடித்தம் என்றதும் நம் சம்பளத்தில் இருந்து எடுத்த பாதி மட்டும்தான் கண்ணில் படுகிறது, முதலாளி போட வேண்டிய மறுபாதி மறைந்துபோகிறது. பிடித்துவிட்டுக் கட்டாமல் இருக்கிற இடங்களில் இந்த மறைவு நேரடியாக நஷ்டம். அதனால் "பங்கு" என்று சொல்லுங்கள் என்பேன். தொழிலாளி பங்கு, முதலாளி பங்கு. பி.எஃப் பாஸ்புக்கிலும் தனித்தனிப் பத்தியாகத்தான் இருக்கிறது, தொழிலாளி பங்கு ஒன்று, முதலாளி பங்கு ஒன்று, பென்ஷனுக்குப் போனது ஒன்று. மூன்றையும் பார்க்க வேண்டும்.

1952-இல் இந்தப் பங்கு எவ்வளவு தெரியுமா? ஆறேகால் சதவீதம். இன்றைக்குப் பார்த்தால் விநோதமான எண்ணாகத் தெரியும், ஆனால் அன்றைய அணாக் கணக்கில் அது ரூபாய்க்குச் சரியாக ஓர் அணா, நம் பழைய கீழ்வாய்க் கணக்கில் வீசம், பதினாறில் ஒன்று. பிறகு எட்டு, பத்து என்று ஏறி 1997-இல் 12 ஆனது. எல்லாத் தொழிலுக்கும் 12 இல்லை. பீடி, சணல், செங்கல், கயிறு போன்ற தொழில்களில் இன்னும் 10 தான்.

பீடி என்று சொன்னபிறகு அதைச் சும்மா கடந்துபோக முடியாது. முக்கூடல், பேட்டை, மேலப்பாளையம், ஆலங்குளம் என்று வீட்டுத் திண்ணையில் முறத்தை மடியில் வைத்து இலை வெட்டிச் சுற்றுகிற பெண்களுக்கு இந்தச் சட்டம் 1977-இல்தான் வந்தது. வந்தபிறகும், வீட்டில் இருந்து சுற்றுகிறவர்கள் எங்கள் தொழிலாளிகளே இல்லை என்று முதலாளிகள் வழக்காடினார்கள். 1985-இல் உச்சநீதிமன்றம் அவர்களும் தொழிலாளிகள்தான், அவர்களுக்கும் பி.எஃப் உண்டு என்று சொன்னது. சுற்றிக் கொண்டுபோனதை நிராகரிக்கிற உரிமை முதலாளி கையில் இருக்கிறதே, அந்த அளவு மேற்பார்வையே போதும் என்பது தீர்ப்பின் சாரம். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் அந்தப் பெண்களுக்கு 15,000 என்ற உச்சவரம்பு எட்டாத உயரத்தில் இருக்கிறது. அவர்களுக்குச் சொல்ல வேண்டிய விளக்கம் வேறு: வாங்கிய கூலி முழுவதும் அவரவர் பெயரில் ஏறியிருக்கிறதா, முதலாளி பங்கு சேர்ந்திருக்கிறதா என்று பார்ப்பது. பீடிக் கம்பெனி கொடுக்கிற ஒரே பாஸ் புத்தகத்தில் அம்மாவும் மகளும் சேர்ந்து சுற்றினால் பணம் ஒருவர் கணக்கில்தான் போகும், மற்றவர் காலம் முழுக்க உழைத்தும் சட்டத்தின் கண்ணில் தொழிலாளியாகவே இருக்க மாட்டார்.

உச்சவரம்பு உண்மையில் வலிக்கிற இடம் பென்ஷன். முதலாளி போடும் 12 சதவீதத்தில் 8.33 சதவீதம் பென்ஷன் நிதிக்குப் போகிறது. 8.33 என்பது பன்னிரண்டில் ஒரு பங்கு, வருடத்துக்கு ஒரு மாதச் சம்பளம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் இந்தப் பங்கைப் பொதுவாக 15,000-க்கு மேல் கணக்கிடுவதில்லை, அதனால் மாதம் 1,250 தான் அங்கே போகும். நம் சிப்காட்காரருக்கு முழுச் சம்பளத்துக்கும் பங்கு போட்டாலும் கம்பெனியின் 3,360-இல் 1,250 பென்ஷனுக்கு, மிச்சம் 2,110 பி.எஃப்-க்கு. பென்ஷன் பத்தியில் இருக்கும் பணத்துக்கு வட்டி ஏறாது. கிடைக்கும் பென்ஷனுக்குச் சூத்திரம், கடைசிக் காலச் சராசரிச் சம்பளத்தை வேலை பார்த்த வருடங்களால் பெருக்கி 70-ஆல் வகுப்பது. 15,000 சம்பளம், 35 வருட வேலை என்றால் மாதம் ஏறத்தாழ 7,500. முப்பத்தைந்து வருட உழைப்புக்கு இவ்வளவுதான் வரும் என்பதை இளம் வயதிலேயே தெரிந்துகொள்வது நல்லது. 2014 செப்டம்பருக்குப் பிறகு முதன்முறையாக, 15,000-க்கு மேற்பட்ட சம்பளத்தில் சேர்ந்தவர்களுக்கு இந்தப் பென்ஷனே கிடையாது, அவர்களுக்கு முதலாளியின் 12-ம் பி.எஃப் கணக்குக்கே போகும்.

மூன்றாமவர் சொன்னாரே, 1,800-க்கு மேல் போட விடமாட்டார்கள் என்று. போடலாம். விருப்பப் பங்கு என்று ஒன்று இருக்கிறது, கம்பெனியில் வி.பி.எஃப் என்பார்கள். அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகை முழுவதையுமேகூடப் போடலாம், அதே வட்டி. சம்பளக் கணக்கு பார்க்கிறவர்களிடம் எழுதிக் கொடுக்க வேண்டும். நீங்கள் கூட்டினீர்கள் என்பதற்காகக் கம்பெனி தன் பங்கைக் கூட்ட வேண்டியதில்லை, அவ்வளவுதான்.

இரண்டாமவரின் வரி விஷயம். அவர் சொன்ன கோடு 15,000-க்குச் சம்பந்தமே இல்லாத வேறு கோடு. 2021 ஏப்ரலில் இருந்து, தொழிலாளி தன் பங்காக ஒரு வருடத்தில் போட்டது இரண்டரை லட்சத்துக்கு மேல் போனால், மேலே போன பகுதிக்கு வருகிற வட்டிக்கு மட்டும் வரி. அசலுக்கு இல்லை. மாதம் சுமார் 20,833 ரூபாய் போட்டால்தான் அந்தக் கோட்டைத் தொடுவீர்கள், 12 சதவீதக் கணக்கில் அதற்கு அடிப்படைச் சம்பளமே ஒன்றே முக்கால் லட்சத்தை நெருங்க வேண்டும். முதலாளி பங்குக்கு, வேறு ஓய்வுக்கால நிதிகளுக்கு அவர் போடுவதையும் சேர்த்து, வருடத்துக்கு ஏழரை லட்சம் என்று இன்னொரு கோடு. பழைய வரி முறையில் ஒன்றரை லட்சம் வரை கழித்துக்கொள்கிற சலுகை மூன்றாவது கோடு, புதிய முறையில் அது இல்லை. இவற்றை "வரி வரம்பு" என்று தனியாகச் சொல்லிவிட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

"பிராவிடண்ட் ஃபண்ட்" என்பதற்கும் ஒரு வார்த்தை. பிராவிடண்ட் என்றால் முன்கூட்டியே பார்ப்பது, லத்தீனில் "ப்ரோ" முன், "விதெரே" பார்த்தல். தமிழில் சேமநல நிதி, வருங்கால வைப்பு நிதி என்று இரண்டு பெயர்கள் புழங்குகின்றன. சேமம் வடமொழி க்ஷேமத்தில் இருந்து வந்தது. எனக்கு வைப்பு நிதிதான் பொருத்தமாகப் படுகிறது, வைப்பு பழைய தமிழ்ச் சொல். 226-ஆம் குறளில், இல்லாதவர் பசியைத் தீர்ப்பதுதான் ஒருவன் "பொருள்வைப் புழி" என்று வள்ளுவர் சொல்கிறார், அதாவது பொருளைச் சேர்த்து வைக்கும் இடம்.

கடைசியாக, பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கிற வீடுகளுக்கு. அங்கே இருந்து "லிமிட் முடிஞ்சிட்டு" என்று அவர்கள் சொல்வது 401-கே என்கிற ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கை. அமெரிக்க வருமான வரிச் சட்டத்தின் பிரிவு எண்ணே அதன் பெயராகிவிட்டது. அந்த வரம்பு நம்முடையது மாதிரி இல்லை, பணம் போடுகிற ஆளையே அது தடுக்கிறது. 2025-இல் ஒருவர் தன் சம்பளத்தில் இருந்து போடக்கூடியது 23,500 டாலராக இருந்தது, ஐம்பது வயது ஆனவர்கள் கூடுதலாக 7,500 போடலாம் என்று இருந்தது, முதலாளி பங்கு இந்த வரம்புக்குள் வராது. ஒரே வருடத்தில் இரண்டு கம்பெனியில் வேலை பார்த்தாலும் ஆளுக்கு ஒரே வரம்புதான். கூடிப்போனால் கூடியதைத் திரும்ப எடுத்து வரியோடு கணக்குத் தீர்க்க வேண்டும், அடுத்த ஏப்ரல் 15-க்குள் எடுக்காவிட்டால் அதே பணத்துக்கு இரண்டு முறை வரி விழும். வருடத்தின் நடுவில் வேலை மாறுகிற பிள்ளைகள், முந்தைய கம்பெனியில் எவ்வளவு போட்டோம் என்பதைப் புதுக் கம்பெனியில் முதல் மாதமே சொல்லிவிட வேண்டும்.