எஞ்சின் படுத்துவிட்ட கார்: வேலை பார்ப்பதா, விட்டுவிடுவதா?

தாம்பரத்தை அடுத்துள்ள எங்கள் பணிமனைக்கு இழுவை வண்டியில் கார் வந்து இறங்கும்போது, கூடவே வரும் உரிமையாளர் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் "எவ்வளவு ஆகும்?" என்பதுதான். கேள்வி நியாயமானது. ஆனால் இருபத்திரண்டு ஆண்டுகளாக எஞ்சின் வேலையிலேயே இருக்கும் நான் அதற்கு உடனே ஒரு தொகையைச் சொல்வதில்லை. எஞ்சினைத் திறக்காமல் சொல்லும் தொகை வெறும் ஊகம். அந்த ஊகத்தை நம்பி, பதினைந்தாயிரம் ரூபாய் வேலையில் எழுந்து ஓடியிருக்க வேண்டிய காரை இரும்பு விலைக்குக் கொடுத்துவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். நாற்பதாயிரத்தில் முடியும் என்று தொடங்கி, பாதியில் நிறுத்தவும் முடியாமல் ஒன்றரை லட்சம் வரை போனவர்களையும் பார்த்திருக்கிறேன். இரண்டாவது வகையினரின் வேதனை பெரிது. பிரித்துப் போட்ட காரை யாரும் நல்ல விலைக்குக் கேட்க மாட்டார்கள்.

"எஞ்சின் போச்சு" என்ற ஒரே சொல்லுக்குள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல பழுதுகள் அடங்கியிருக்கின்றன. கூலன்ட் எனும் குளிர்விப்பு நீர் தீர்ந்து சூடேறிய எஞ்சினில், சிலிண்டர்களை மூடும் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கட் எனும் அடைப்புத் தகடு மட்டும் போயிருக்கலாம். அலுமினிய ஹெட் வளைந்தும் இருக்கலாம். வால்வுகளைப் பிஸ்டனின் ஓட்டத்தோடு ஒத்துப்போக வைக்கும் டைமிங் பெல்ட் அறுந்தால் பல எஞ்சின்களில் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளைந்துவிடும், ஆனால் பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்கும் அது தங்கிச் சுழலும் பேரிங்கும் பெரும்பாலும் தப்பிவிடும். ஆயில் இல்லாமல் ஓடிய எஞ்சினில் இதற்கு நேர்மாறாக, மேல்பகுதி பார்வைக்கு நன்றாக இருக்கும், அடியில் பேரிங்குகள் தேய்ந்து சுழன்றிருக்கும். எஞ்சினே பழுதாகாத கதையும் உண்டு. சாவி போட்டால் அசையாத காரை "ஜாம்" என்று எழுதி அனுப்பியிருப்பார்கள். ஆல்டர்னேட்டரையும் ஏ.சி.யையும் சுற்றும் வெளிப் பெல்ட்டைக் கழற்றிவிட்டு கிராங்க் போல்ட்டில் ஸ்பானர் போட்டுத் திருப்பினால் எஞ்சின் இலகுவாகச் சுற்றும். இறுகிப்போனது ஆல்டர்னேட்டர் பேரிங்கோ ஏ.சி. கம்ப்ரெசர் புல்லியோதான். அந்த ஐந்து நிமிடச் சோதனையைச் செய்தார்களா என்று தயங்காமல் கேளுங்கள்.

திறப்பதற்கு முன்பே தெரிந்துகொள்ளக்கூடியவை வேறு சிலவும் உண்டு. ஆயில் பாலில் கலந்த காப்பியின் நிறத்தில் இருந்தால் கூலன்ட் உள்ளே கலந்திருக்கிறது. எஞ்சின் ஓடும்போது கூலன்ட் தொட்டியில் நிற்காமல் குமிழிகள் வந்தால் கேஸ்கட் விட்டுக்கொடுத்திருக்க வாய்ப்பு அதிகம். சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அழுந்துகிறது என்பதைக் காட்டும் கம்ப்ரெஷன் அளவு எல்லா சிலிண்டரிலும் ஒரே மாதிரிக் குறைந்திருப்பதும், ஒன்றில் மட்டும் விழுந்திருப்பதும் வெவ்வேறு கதைகள். இவற்றின் அளவுகளைத் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். வாய்வார்த்தையாக "பேக் கம்ப்ரெஷன் அடிக்குது" (எரிந்த வாயு பிஸ்டனைத் தாண்டிக் கீழே கசிகிறது) என்று கேட்டதை வைத்து எஞ்சின் வேலைக்குச் சம்மதிக்க வேண்டாம்.

சென்ற ஆண்டு வந்த ஒரு காரைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். பள்ளி ஆசிரியர் ஒருவருடைய பத்தாண்டு வயதான டீசல் ஹேட்ச்பேக் அது, ஒரு லட்சத்து நாற்பதாயிரம் கிலோமீட்டர் ஓடியிருந்தது. திருவண்ணாமலையிலிருந்து திரும்பும் வழியில், மதுராந்தகம் அருகே சாலையில் கிடந்த கல், எஞ்சினின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டியான சம்ப்பில் அடித்திருக்கிறது. சிறிது நேரத்தில் ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்தும், அடுத்த பெட்ரோல் பங்க்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று குடும்பத்துடன் ஓட்டி வந்திருக்கிறார். அந்த விளக்கு ஆயிலின் அளவை அல்ல, அழுத்தத்தைக் காட்டுகிறது. அது எரியும்போது பேரிங்குக்கும் கிராங்குக்கும் நடுவில் இருக்க வேண்டிய ஆயில் படலம் ஏற்கெனவே போய்விட்டது. வண்டியை ஓரங்கட்டி உடனே எஞ்சினை நிறுத்தியிருந்தால் சம்ப்பும் ஆயிலும் மாற்றியதோடு முடிந்திருக்கும்.

நான் அவரிடம் முதலில் ஒப்புதல் கேட்டது சம்ப்பைக் கழற்றிப் பார்க்க மட்டும்தான். கூலி இவ்வளவு, பார்த்த பிறகு வேண்டாம் என்றாலும் இதற்கு மேல் ஒரு ரூபாயும் இல்லை என்று எழுதிக் கொடுத்தேன். சம்ப்பில் எஞ்சியிருந்த ஆயிலை வெள்ளைத் துணியில் ஊற்றி வெயிலில் பிடித்தபோது, ஜிகினாத் தூள் போல மின்னியது. பேரிங்கின் மேல்பூச்சு சுரண்டப்பட்டு வந்திருந்தது. மூன்றாவது சிலிண்டரின் பேரிங் தன் இடத்திலேயே சுழன்று, பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் கண் சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது. கிராங்கை போரிங் பட்டறையில் மைக்ரோமீட்டர் வைத்து அளந்ததில், கால் மில்லிமீட்டர் தேய்த்தெடுத்தால் சரியாகும் என்று தெரிந்தது. அப்படித் தேய்த்த கிராங்குக்கு ஏற்ற, அளவு குறைந்த பேரிங்கும் அந்த எஞ்சினுக்குக் கடையில் கிடைத்தது. புதிய எஞ்சின்கள் சிலவற்றுக்கு அப்படிப்பட்ட பேரிங்கை உற்பத்தியாளரே தருவதில்லை. அப்போது கிராங்கையே மாற்ற வேண்டியிருக்கும், கணக்கு தலைகீழாகிவிடும். சிலிண்டர் சுவர்களில் கீறல் இல்லாதது அவருடைய நல்ல காலம்.

இவ்வளவும் கையில் வந்த பிறகுதான் நாங்கள் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். நல்ல ஓட்டத்தில் இருந்தால் அந்தக் கார் சந்தையில் 2,60,000 ரூபாய்க்குப் போகும். எஞ்சின் படுத்த நிலையில் 85,000 ரூபாய்க்குக் கேட்டார்கள். இடைவெளி 1,75,000 ரூபாய். வேலைக்கான மதிப்பீடு 1,10,000 ரூபாய். திறந்த பிறகும் ஏதாவது ஒன்று கூடுதலாகத் தலைகாட்டும் என்பது என் அனுபவம்; ஆகவே ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டி 1,32,000 ரூபாய் என்று வைத்தோம். இந்தத் தொகை அந்த இடைவெளிக்குள் அடங்கியதால் வேலை பார்க்கலாம் என்று சொன்னேன். பலர் செய்யும் தவறு, பழுதுச் செலவைக் காரின் முழு விலையோடு ஒப்பிடுவது. நின்றுபோன காருக்கும் ஒரு விலை உண்டு, அதைக் கழித்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும். இன்னொரு தவறு, "போன மாதம்தான் நான்கு டயரும் மாற்றினேன்" என்று ஏற்கெனவே செலவழித்ததைக் கணக்கில் சேர்ப்பது. அந்தப் பணம் எந்த முடிவெடுத்தாலும் திரும்பாது. புது டயருக்காகச் சந்தை விலை எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவுதான் அதன் மதிப்பு.

அதே மாதத்தில் வந்த இன்னொரு காருக்கு வேறு பதில் சொன்னேன். பதினான்கு ஆண்டு கடந்த பெட்ரோல் செடான், பழுது அதைவிடச் சிறியது. சூடேறி ஹெட் வளைந்திருந்தது, பிஸ்டன் ரிங்குகளும் தளர்ந்திருந்தன. செலவு 78,000 ரூபாய், இடைவெளியோ 70,000 ரூபாய்தான். அதோடு தரைவிரிப்பைத் தூக்கிப் பார்த்தால் ஓட்டுநர் காலடித் தகடு துருவேறி விரலுக்கு இளகியது. பதிவு முடிய ஒன்பது மாதம் இருந்தது. 2022 ஏப்ரல் முதல் பதினைந்து ஆண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. பசுமை வரியும் உண்டு. இவற்றைவிட, வாகன ஆய்வாளர் முன் அந்தத் துருவோடு நிறுத்தித் தேற வைப்பது பெரிய செலவு. அந்தக் கார் உரிமையாளரின் தந்தை வாங்கியது. உரிமையாளர் கண் கலங்கியதை நான் சிறிதாக எண்ணவில்லை. ஆனாலும் பிள்ளைகள் ஏறிப் போகும் வண்டியின் தரையே உறுதியாக இல்லாதபோது, எஞ்சினை மட்டும் புதிதாக்கித் தருவது எனக்குச் சரியாகப் படவில்லை.

செலவும் அந்த இடைவெளியும் நெருங்கி வந்தால் முடிவு கடினமாகும். அப்போது நான் கேட்பது, பழுதுக்கான காரணம் தெரிந்துவிட்டதா என்பதைத்தான். கல் அடித்ததால் ஆயில் போனது என்பது தெளிவான காரணம், மறுபடி நேராது. காரணம் தெரியாமல் சூடேறிய எஞ்சினுக்கு ஹெட் வேலை பார்த்து, அடைத்துக்கொண்ட ரேடியேட்டரையோ ஓடாத விசிறியையோ அப்படியே விட்டால், மூன்றாம் மாதம் அதே காருக்கு அதே வேலையைப் பார்க்க வேண்டும். காரணத்தைச் சொல்ல முடியாத பணிமனையில் பணத்தைப் போடாதீர்கள். மறுபக்கம், அதே விலைக்கு வாங்கும் வேறொரு பழைய காரின் வரலாறு உங்களுக்குத் தெரியாது. உங்கள் காரின் கியர்பாக்ஸ், சஸ்பென்ஷன், உடற்பகுதி எல்லாம் நன்றாக இருப்பது தெரிந்தால் சற்றுக் கூடுதலாகச் செலவழிப்பதில் தவறில்லை. வாடகைக் கார் ஓட்டுபவர்கள், வண்டி நிற்கும் நாள்களின் வருமானத்தையும் தவணையையும் செலவோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

சென்னையில் இருந்துகொண்டு வெள்ளத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் எங்களிடம் வந்த கார்களில், நின்ற இடத்தில் மூழ்கிய எஞ்சின்களைவிட, நீர் வடிந்ததும் ஸ்டார்ட் செய்து பார்த்ததால் போன எஞ்சின்களே மனத்தை வருத்தின. காற்று அழுந்தும், நீர் அழுந்தாது. சிலிண்டருக்குள் நீர் இருக்கும்போது பிஸ்டன் மேலேறினால் கனெக்டிங் ராட்தான் வளைய வேண்டும். சற்றே வளைந்த ராடுடன் எஞ்சின் சில வாரங்கள் ஓடவும் செய்யும். பிறகு ஒருநாள் ராட் முறிந்து பிளாக்கையே துளைத்துக்கொண்டு வெளியே வரும். ஆகவே சக்கரத்தின் பாதிக்கு மேல் நீர் நின்ற காரில் சாவியைத் தொடாதீர்கள். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டுக் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல் சொல்லுங்கள். பணிமனையில் ஸ்பார்க் பிளக்குகளையோ இன்ஜெக்டர்களையோ கழற்றி, எஞ்சினைக் கையால் சுற்றி நீரை வெளியேற்றிய பிறகே ஸ்டார்ட்டரைத் தொட வேண்டும். 2024 அக்டோபரில் மழைக்கு முன்பே வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாக நிறுத்தியவர்களைச் சிலர் கேலி செய்தார்கள். 2023-இன் கார்களைத் திறந்து பார்த்த எவருக்கும் அந்தக் கேலி வராது.

சாதாரண முழுக் காப்பீடு தேய்மானத்தையும் இயந்திரப் பழுதையும் ஏற்காது. நீர் புகுந்த எஞ்சினுக்கும், ஸ்டார்ட் செய்ததால் ஏற்பட்ட விளைவுச் சேதம் என்று சொல்லி மறுப்பது வழக்கம். எஞ்சின் பாதுகாப்புக்கான கூடுதல் காப்பீட்டைத் தனியாக எடுத்திருந்தால்தான் கேட்க முடியும். காப்பீடு ஏற்கும் சேதத்தில், பழுது நீக்கும் செலவு ஐ.டி.வி. எனப்படும் காப்பீட்டு மதிப்பில் 75 விழுக்காட்டைத் தாண்டினால் முழு இழப்பாகக் கொள்வார்கள். ஆகவே மழைக்காலத்துக்கு முன் பாலிசியில் ஐ.டி.வி. எவ்வளவு என்று எடுத்துப் பாருங்கள். பிரீமியத்தில் சில நூறு ரூபாய் குறைய வேண்டும் என்று அதைக் குறைத்துப் போட்டிருந்தால், இழப்பீடும் அதே அளவில்தான் வரும்.

பழைய வாகன உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையிலோ வேறு இடத்திலோ பழைய எஞ்சின் வாங்கிப் பொருத்தலாமா என்று பலர் கேட்கிறார்கள். செலவு குறையும், சில எஞ்சின்களுக்கு அதுவே நல்ல வழி. ஆனால் எந்த வண்டியிலிருந்து எடுத்தது என்ற விவரத்துடன் ரசீது இல்லாத எஞ்சினை நான் பொருத்துவதில்லை. பொருத்திய பிறகு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவித்து, பதிவுச் சான்றான ஆர்.சி.யில் எஞ்சின் எண்ணை மாற்றியாக வேண்டும். அதைச் செய்யாமல் ஓட்டினால், விபத்து இழப்பீடு கேட்கும்போதும் காரை விற்கும்போதும் எண் பொருந்தாமல் சிக்கிக்கொள்வீர்கள்.

விட்டுவிடுவது என்று முடிவானால் முதலில் கடனைப் பாருங்கள். ஆர்.சி.யில் வங்கியின் பெயர் இருக்கும்வரை அந்தக் கார் முழுமையாக உங்களுடையது அல்ல. அடுத்தது, தெருமுனைப் பழைய இரும்புக் கடையில் ரொக்கம் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். பதிவு ரத்தாகாத வரை அந்தப் பதிவு எண்ணிலும், வண்டியின் அடிச்சட்டமான சேசிஸிலும் நடப்பதற்கெல்லாம் காகிதத்தில் நீங்களே பொறுப்பு. 2021-இன் விதிகளின்படி பதிவு பெற்ற வாகன அழிப்பு மையத்தில் ஒப்படைத்தால் ஒப்படைப்புச் சான்று தருவார்கள். அதைக் காட்டிப் புதிய சொந்த வாகனம் வாங்குவோருக்குச் சாலை வரியில் 25 விழுக்காடு வரை சலுகை தர மத்திய விதி இடம் வைத்திருக்கிறது. எவ்வளவு என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். இழப்பீடு கேட்காமல் சேர்த்த நோ கிளைம் போனஸ் காருக்கு உரியது அல்ல, உங்களுக்கு உரியது. காப்பீட்டு நிறுவனத்திடம் கடிதமாக வாங்கி வைத்தால் அடுத்த காருக்குப் பயன்படும்.

வேலை பார்ப்பது என்றால், மாற்றிய பழைய பாகங்கள் அனைத்தையும், பட்டறையின் அளவுச் சீட்டையும் கேட்டு வாங்குங்கள். ஆசிரியரின் காரை ஒப்படைக்கும்போது, ஆயிரம் கிலோமீட்டர் வரை பாரம் ஏற்றாமல், மிதமான வேகத்தில் ஓட்டிவிட்டு முதல் ஆயிலை என் எதிரில்தான் மாற்ற வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். ஐந்து வாரம் கழித்து வந்தார். வடித்த ஆயிலை அதே போன்ற வெள்ளைத் துணியில் ஊற்றி இருவரும் வெயிலில் பிடித்துப் பார்த்தோம். டீசல் எஞ்சினுக்கு இயல்பான கறுப்பு நிறம்தான் இருந்தது. மின்னுவது ஒன்றும் இல்லை.