டார்ட்மூரின் கல் உரல்கள்

வால்கம் ஆற்றங்கரையில், மெரிவேல் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில், கூரையில்லாத கல்கட்டடங்களின் மிச்சங்கள் புல்லுக்குள் கிடக்கின்றன. அங்கே சில கருங்கற்களைக் குனிந்து பார்க்க வேண்டும். கல்லின் முகத்தில் அருகருகே இரண்டு குழிகள், உள்ளே கை வைத்தால் வழுக்கும் அளவுக்குத் தேய்ந்தவை. நம் ஊர்க்காரர் யார் பார்த்தாலும் உரல் என்றுதான் சொல்வார். அது சரிதான். இடித்தது மட்டும் நெல் இல்லை, வெள்ளீயக் கல்.

தென்மேற்கு இங்கிலாந்தின் டெவன் பகுதியில் இருக்கும் டார்ட்மூர், கருங்கல்லின் மேல் புல்லும் சதுப்பும் போர்த்திய மேட்டுநிலம். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் அந்தக் கருங்கல் குழம்பு குளிர்ந்தபோது, வெடிப்புகளில் ஏறிய சூடான நீர் காசிடரைட் என்ற கனிமத்தைப் படியவிட்டது. வெள்ளீயமும் ஆக்சிஜனும் சேர்ந்த கனிமம் அது. மழையும் பனியும் பாறையை அரிக்க அரிக்க, அது உதிர்ந்து ஓடைப் பள்ளங்களில் சரளையோடு சரளையாகத் தங்கியது.

அதைப் பிரித்தெடுத்த விதத்தை, அரிக்கன் சட்டியில் அரிசி அரித்தவர்கள் உடனே புரிந்துகொள்வார்கள். தண்ணீரை ஆட்டினால் அரிசி மிதந்து போகும், கல் அடியில் நிற்கும். மணலில் நிறைந்திருக்கும் குவார்ட்ஸ் என்ற கனிமத்தின் அடர்த்தி தண்ணீரைப்போல 2.65 மடங்கு, காசிடரைட்டுக்கு ஏறக்குறைய 7. ஒரே பருமனுள்ள துண்டுகளை வெளியே எடை போட்டால் இரண்டரை மடங்கு வித்தியாசம். தண்ணீருக்குள் இரண்டுமே ஒரே அளவு கனத்தை இழப்பதால் 1.65-க்கு 6 என்றாகி, வித்தியாசம் மூன்றரை மடங்கைத் தாண்டிவிடும். டார்ட்மூரின் தொழில் முழுவதும் இந்தக் கணக்கின் மேல்தான் நின்றது.

ஓடைப் பள்ளத்தின் கீழ்க்கோடியில் வெட்ட ஆரம்பித்து, மேல்நோக்கி நகர்ந்துகொண்டே போவார்கள். தோண்டிய சரளையைக் கால்வாயில் கொட்டித் தண்ணீர் விட்டால் மணல் அடித்துக்கொண்டு போகும், கனமானது நிற்கும். வேண்டாத கற்களை முதுகுக்குப் பின்னால், ஏற்கெனவே வெட்டி முடித்த இடத்தில் வரிசையாகக் குவிப்பார்கள். இன்று பள்ளத்தாக்குகளில் வரப்பு வரப்பாக, புல் மூடித் தெரியும் மேடுகள் அவைதான். ஒவ்வொரு வரப்பும் வெட்டுமுகம் ஒரு காலத்தில் நின்ற இடம். கீழிருந்து மேலே நடந்தால் வேலை நடந்த வரிசையிலேயே நடக்கலாம்.

இதற்கெல்லாம் தண்ணீர் வேண்டும். மலைச்சரிவை ஒட்டி, மிகச் சிறிய வாட்டத்தோடு, தேவைப்பட்டால் பல கிலோமீட்டருக்கு வாய்க்கால் வெட்டிக் கொண்டுவந்தார்கள். 1201-இல் ஜான் மன்னர் தந்த சாசனம், வெள்ளீயம் தோண்டுகிறவர்களுக்கு ஓடையைத் திருப்பிக்கொள்ளும் உரிமையையும் கொடுத்தது. அந்த வாய்க்கால்களின் தடம் இன்னும் சரிவுகளில் கோடாகத் தெரிகிறது.

சரளை குறைந்ததும் பாறையையே வெட்ட வேண்டியதாயிற்று. அப்போதுதான் உரல் வேலை அதிகமானது. நீர்ச்சக்கரத்தின் அச்சில் துருத்திக்கொண்டிருக்கும் கட்டைகள், இரும்புப்பூண் போட்ட உலக்கைகளைத் தூக்கித் தூக்கி விடும். கீழே கிடக்கும் கருங்கல்மேல் தாது நொறுங்கும், கல்லும் தேயும். இரண்டு உலக்கை என்றால் இரண்டு குழி, பிற்காலத்தில் மூன்று உலக்கை வந்தபோது மூன்று குழி. குழி ஆழமாகிவிட்டால் கல்லைப் புரட்டிப்போட்டு மறுமுகத்தில் இடிப்பார்கள். அதனால் சில கற்களில் ஒன்றுக்கு மேற்பட்ட முகங்களில் குழிகள் இருக்கின்றன. எனக்கு இந்தத் தடயங்களிலேயே மிகவும் பிடித்தது இதுதான். ஒரு கருங்கல்லைப் பயன்படுத்தித் தேய்த்தே தீர்த்திருக்கிறார்கள்.

அப்புறம் உலை. வெள்ளீயம் உருக 232 டிகிரி போதும். ஈயச்சொம்பை ரசம் இல்லாமல் அடுப்பில் மறந்துவிட்டால் அது உருகி வழிவது இதனால்தான். ஆனால் தாதுவிலிருந்து ஆக்சிஜனைப் பிரிக்க 1,000 டிகிரிக்கு மேல் வேண்டும், கூடவே கரியும் வேண்டும். கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுதான் ஆக்சிஜனைப் பறிக்கிறது. சதுப்பில் மக்கிய புல்மண்ணை வெட்டிக் காயவைத்து, மூட்டம் போட்டுக் கரியாக்கினார்கள். உலைக்கு ஊதும் துருத்தியையும் நீர்ச்சக்கரமே இயக்கியது. அந்த ஊதலில் வெள்ளீயத்துகள் பறந்து கூரையில் ஒட்டிக்கொள்ளும். பக்கத்துக் கார்ன்வாலைப் பற்றி 1602-இல் அச்சான ஒரு குறிப்பு, ஏழெட்டு ஆண்டுக்கு ஒருமுறை உலைவீட்டின் கூரையையே கொளுத்தி, சாம்பலிலிருந்து வெள்ளீயம் எடுத்ததாகச் சொல்கிறது. புதுவீடு கட்டும் செலவு அதிலேயே கிடைத்துவிடுமாம்!

உருகியதை வார்த்த அச்சும் கருங்கல்தான், உள்ளே சரிந்த பக்கங்களோடு குடைந்த ஒரு தொட்டி. குளிர்ந்த பாளத்தை டாவிஸ்டாக், ஆஷ்பர்ட்டன், சாக்ஃபோர்டு, பிளிம்ப்டன் ஆகிய ஊர்களில் ஏதாவது ஒன்றுக்குக் கொண்டுபோய், ஒரு மூலையை வெட்டித் தரம் பார்த்து, வரி கட்டிய பிறகுதான் விற்க முடிந்தது.

கழுவிவிட்ட மணல் எங்கே போகும்? ஆற்றோடு கீழே போய்த் துறைமுகங்களைத் தூர்த்தது. அதைத் தடுக்கச் சட்டம் கொண்டுவர 1512-இல் முயன்ற நாடாளுமன்ற உறுப்பினர் ரிச்சர்ட் ஸ்ட்ரோடைச் சுரங்கக்காரர்களின் நீதிமன்றம் அபராதம் போட்டு லிட்ஃபோர்டு சிறையில் அடைத்தது. அந்த வண்டல் இன்னும் ஆற்றங்கரை மண்ணில் அடுக்கடுக்காக இருக்கிறது. ஒவ்வொரு அடுக்கிலும் வெள்ளீயம் எவ்வளவு என்று அளந்துதான், மேலே எந்தக் காலத்தில் வேலை மும்முரமாக நடந்தது என்று ஆய்வாளர்கள் கண்டுபிடிக்கிறார்கள்.