டப்பாவில் வந்த பவளம்

குடியாத்தத்தில் தறி ஓட்டும் ஒருவர் எங்கள் மருந்தகத்துக்கு ஒரு டப்பாவோடு வந்தார். மனைவிக்கு மார்பகப் புற்றுநோய். மூன்றாவது சுற்று கீமோவுக்கு அவர்கள் வரவில்லை. இரண்டு மாதம் கழித்து வந்தபோது கட்டி பெரிதாகியிருந்தது. "கடல் பவளம் புற்றுசெல்லைக் கொல்லுமாமே ஐயா, செல்போனில் வந்தது" என்றார். டப்பாவில் பவளத் தூள்.

வேலூரில் பல ஆண்டுகளாகக் கீமோ மருந்து கலக்குகிறேன். அவரைக் கடிந்துகொள்ள மனம் வரவில்லை. அந்தச் செய்தியில் பாதி உண்மை.

மோதிரத்தில் பதிக்கும் பவளம் வேறு, மென்பவளம் வேறு. மென்பவளம் தோல்போல் வளைந்துகொடுக்கும் உயிரி. மன்னார் வளைகுடாவிலும் உண்டு. இந்த உயிரியால் தப்பி ஓட முடியாது, ஒளிந்துகொள்ள மேலோடும் இல்லை. மீன் கடிக்காமலிருக்க நஞ்சை வைத்திருக்கிறது. 1990களில் ஆஸ்திரேலியக் கடலின் மென்பவளம் ஒன்றில் கண்டெடுத்த எலூத்தெரோபின் என்ற சேர்மம் அத்தகைய நஞ்சு. செல் இரண்டாகப் பிரிய வேண்டுமானால் அதற்குள் நுண்குழல்கள் வளர்வதும் கலைவதுமாக இருக்க வேண்டும். எலூத்தெரோபின் அவற்றைக் கலையவிடாது. பிரிய முடியாமல் செல் செத்துப்போகும். அந்த அம்மாவுக்கு நாங்கள் ஏற்றிய பாக்ளிடாக்சல் செய்வதும் இதே வேலைதான். அது யூ என்ற மரத்தின் பட்டையில் கிடைத்தது.

பாக்ளிடாக்சல் மருந்தானது, எலூத்தெரோபின் ஆகவில்லை. பவளத்திலிருந்து கிடைத்த அளவு ஆய்வுக்கே போதவில்லை. 2022இல்தான் அமெரிக்க ஆய்வாளர்கள் புளோரிடா கடலின் சாதாரண மென்பவளங்களில் அதைக் கண்டு, இவ்வகைச் சேர்மங்களின் உருவாக்கத்தைத் தொடங்கும் மரபணுக்களையும் அடையாளம் கண்டார்கள். கடல் மருந்து தராது என்று நான் சொல்லவே மாட்டேன்: ரத்தப் புற்றுநோய்க்கு நான் கலக்கும் சைட்டராபின், கடற்பஞ்சு என்ற கடல் உயிரியில் கண்ட சேர்மங்களைப் பார்த்து உருவாக்கியது; 1969இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. மென்பவளத்திலிருந்து அப்படி ஒரு புற்றுநோய் மருந்தும் இன்னும் வரவில்லை. ஆய்வகக் கண்ணாடித் தட்டில் செல்லைக் கொல்வது எளிது, செறிந்த உப்புநீரே கொன்றுவிடும். நல்ல செல்லை விட்டுவைத்துக் கொல்வதுதான் கடினம். டப்பாவிலிருந்த தூளோ பெரும்பாலும் சுண்ணாம்புச் சத்து.

பேசப்பேசத்தான் உண்மைக் காரணம் வெளியே வந்தது. இரண்டாவது சுற்றுக்குப் பிறகு அந்த அம்மாவுக்கு விரல்கள் மரத்துப்போய், தறியில் இழை பிடிக்க முடியவில்லையாம். "சொன்னால் திட்டுவீர்களோ என்று பயந்தோம்" என்றார். மரத்துப்போவது பாக்ளிடாக்சலின் தெரிந்த பக்கவிளைவு. மருத்துவர் அளவைக் குறைக்கலாம், மருந்தையே மாற்றலாம். வீட்டில் இப்படி ஒன்று நடந்தால், அடுத்த தேதிவரை காத்திராமல் அன்றைக்கே தொலைபேசியில் சொல்லுங்கள். எந்தத் தூளானாலும், வாயில் போடுவதற்கு முன் டப்பாவோடு எங்களிடம் வாருங்கள். யாரும் திட்ட மாட்டோம்.