பில்லி தி கிட் இடது கைக்காரன் ஆனது எப்படி?

பில்லி தி கிட், பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் சட்டத்துக்குத் தப்பித் திரிந்த துப்பாக்கிக்காரன். 1958இல் பால் நியூமன் அவனாக நடித்து ஒரு வெஸ்டர்ன் படம் வந்தது. பெயர் ‘தி லெஃப்ட் ஹேண்டட் கன்’. பில்லி இடது கையால் சுடுகிறவன் என்று பலரும் அப்போது நம்பினார்கள். இது வெறும் கட்டுக்கதை இல்லை, ஆதாரமாக ஒரு போட்டோவே இருந்தது.

நியூ மெக்சிகோவின் ஃபோர்ட் சம்னரில் 1880 வாக்கில் எடுத்த படம் அது. கசங்கிய தொப்பி, பக்கத்தில் ஊன்றிய வின்செஸ்டர் ரைபிள், இடது இடுப்பில் ரிவால்வர். பார்த்தால் இடது கைக்காரன்தான்.

கோளாறு படம் எடுத்த முறையில் இருந்தது. அது டின்டைப். கறுப்பு அரக்கு பூசிய மெல்லிய இரும்புத் தகட்டின் மேல் கொலோடியன் என்ற பசைத் திரவமும் வெள்ளி உப்பும் சேர்ந்த படலம் இருக்கும். ஒளி பட்ட இடத்தில் வெள்ளி படிந்து வெளிறித் தெரியும், படாத இடத்தில் தகட்டின் கறுப்பே நிழலாக நிற்கும். கேமராவுக்குள் விழும் பிம்பம் இடவலம் மாறித்தான் பதிவாகும். நெகட்டிவ் இருந்தால் பிரதி போடும்போது அது நேராகிவிடும். டின்டைப்பில் அந்த இரண்டாவது கட்டமே கிடையாது, கேமராவில் இருந்த அதே தகடுதான் கைக்கு வரும்.

இதைக் காட்டிக்கொடுத்தது ரைபிள். 1873 மாடல் வின்செஸ்டரில் தோட்டா செருகும் வாய் வலப்பக்கம்தான் இருக்கும். படத்திலோ இடப்பக்கம் இருக்கிறது. திருப்பிப் பார்த்தால் ரிவால்வர் வலது இடுப்புக்குப் போய்விடுகிறது.

சினிமாக்காரர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பில்லியை 1881 ஜூலை 14 இரவு சுட்டுக் கொன்ற ஷெரிஃப் பாட் காரெட் மறுவருடமே தன் பெயரில் அவனுடைய வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டார். எழுதியதில் பெரும்பங்கு ஆஷ் அப்சன் என்ற பத்திரிகையாளருடையது. அதில் பில்லியின் பிறந்தநாள் நவம்பர் 23. அப்சனின் பிறந்தநாளும் அதேதான்! சுட்டவரே சொல்கிறார் என்றால் யார் சந்தேகப்படுவார்கள்? 21 வயதுக்குள் 21 கொலை என்ற கணக்கும் இப்படித்தான் காலங்காலமாக ஓடுகிறது. வரலாற்றாசிரியர்கள் ஏறக்குறைய ஒன்பதோடு நிறுத்துகிறார்கள், அதிலும் சில கும்பலாகச் சுட்டவை.

அப்புறம், நிஜமே சினிமா மாதிரி நடந்த நாளும் உண்டு. 1881 ஏப்ரல் 28 அன்று நியூ மெக்சிகோவின் லிங்கன் ஊர் நீதிமன்றக் கட்டடத்தில் விலங்கோடு கிடந்த பில்லி, காவலர் பெல்லைச் சுட்டுவிட்டு, மாடி ஜன்னலில் நின்று இன்னொரு காவலர் ஓலிங்கரை அவருடைய ஷாட்கன்னாலேயே கொன்றான். இதைப் படங்கள் பெரிதாக மாற்றவே தேவையிருக்கவில்லை. ஆனால் பெல்லைச் சுட்ட துப்பாக்கி எப்படிக் கிடைத்தது? யாரோ கழிப்பறையில் ஒளித்து வைத்தார்கள் என்கிறது ஒரு தரப்பு, பெல்லிடமே பிடுங்கினான் என்கிறது இன்னொன்று. வரலாற்று நூல் இரண்டையும் எழுதிவிட்டு நகரலாம். திரையில் அந்தக் கை துப்பாக்கியை எங்கிருந்தாவது எடுத்தே ஆக வேண்டும். இயக்குநர் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார், பார்த்தவர்களுக்கு அதுவே நடந்ததாகிவிடுகிறது.