"அதெல்லாம் அரண்மனையில் இருக்கும்" என்று சொல்லித் தாத்தாவின் பாட்டுச் சுவடியை ஆற்றில் விடாதீர்கள்

போன மாதம் அண்ணன் தம்பிகள் மூன்று பேர் ஒரு ஜவுளிக்கடைப் பையோடு என்னைப் பார்க்க வந்தார்கள். பையில் அவர்களுடைய தாத்தாவின் பாட்டு நோட்டு. தாத்தா ஒரு சமஸ்தானத்தில் நாகசுர வித்வானாக இருந்தவர். நோட்டின் தையலைப் பிரித்து, ஒவ்வொரு தாளையும் தனியாக எடுத்து, முப்பத்தெட்டுத் தாள்களுக்கும் லேமினேஷன் போட்டிருந்தார்கள். "பத்திரமா இருக்கணும்னுதான் சார் இப்படிச் செஞ்சோம்" என்றார் மூத்தவர். அவர் முகத்தில் இருந்த திருப்தியைப் பார்த்ததும் எனக்கு வாயே வரவில்லை. லேமினேஷன் போட்ட தாளை எங்களால் திருப்பி எடுக்க முடியாது. பசை உருகித் தாளுக்குள் இறங்கிவிடும். அவ்வளவுதான், அது முடிந்த கதை.

"ஓலைக்கட்டு ஏதாவது இருந்ததா?" என்று கேட்டேன்.

"ரெண்டு மூணு கட்டு இருந்துச்சு சார். ராஜா காலத்து சமாச்சாரம்தானே, அதெல்லாம் அரண்மனையிலயே இருக்கும்னு சித்தப்பா சொன்னாரு. பதினெட்டாம் பெருக்கன்னிக்கு ஆத்துல விட்டுட்டோம்."

சுவடிகளைப் பழுது பார்த்துப் பாதுகாக்கும் வேலைக்கு நான் வந்து இருபது வருடம் ஆகப்போகிறது. "அரண்மனையில் இருக்கும்" என்ற இந்தப் பேச்சை எத்தனை வீடுகளில் கேட்டிருக்கிறேன் என்று கணக்கு வைக்கவில்லை. ஒரு அம்மா அதையே சொல்லிக்கொண்டு இரண்டு டிரங்குப் பெட்டி நோட்டுகளைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டிருந்தார். இன்னொரு வீட்டில் நாட்டியம் சொல்லிக்கொடுக்கும் நட்டுவனாராக இருந்த பெரியவரின் ஜதிக் கோவையைச் சுருட்டி அடுப்பு பற்றவைத்திருந்தார்கள். இந்த முறை என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ராஜாக்கள் சங்கீதத்தை வளர்த்தார்கள். அதில் சந்தேகமில்லை. ஆனால் எப்படி வளர்த்தார்கள் என்பதில்தான் எல்லோருக்கும் குழப்பம். அரண்மனையில் ஒரு சங்கீதப் பள்ளிக்கூடம் நடந்தது, வித்வான்கள் பாடியதையெல்லாம் யாரோ உட்கார்ந்து எழுதினார்கள், எழுதியதெல்லாம் அலமாரிக்குப் போயிற்று என்று நினைத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் அப்படி நடக்கவில்லை. ராஜா கொடுத்தது நிலம், நெல், சம்பளம், வீடு, சால்வை. சங்கீதம் பிள்ளைக்கும் சீடனுக்கும் போனது வீட்டுத் திண்ணையில்தான்.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டையே பாருங்கள். முதலாம் ராஜராஜன் திருப்பதியம் என்ற தேவாரப் பாட்டைப் பாட 48 பிடாரர்களையும், அவர்களோடு உடுக்கை வாசிக்க ஒருவரையும், கொட்டி மத்தளத்துக்கு ஒருவரையும் நியமித்தான். ஆக 50 பேர். ஆளுக்கு நாள்தோறும் முக்குறுணி நெல். சரி, இவர்களில் ஒருவர் இறந்துபோனால் அந்த இடத்துக்கு யார் வருவது? அதையும் கல்வெட்டே சொல்கிறது. அவருடைய நெருங்கிய உறவினர் அந்த நெல்லைப் பெற்றுக்கொண்டு பாட வேண்டும். உறவினருக்குத் தகுதி இல்லையென்றால் தகுதியுள்ள வேறொருவரைத் தேர்ந்து பாட வைக்க வேண்டும். அடுத்த தலைமுறைக்குக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பை அவ்வளவு பெரிய சக்கரவர்த்தியே வீட்டை நம்பித்தான் விட்டிருக்கிறான்.

அதே ராஜராஜனைப் பற்றித் திருமுறை கண்ட புராணம் சொல்லும் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். தில்லையில் பூட்டிக் கிடந்த அறையைத் திறந்தால் தேவார ஏடுகளைக் கரையான் புற்று மூடியிருக்கிறது. மிஞ்சியதை எடுக்கிறார்கள். பாட்டு கிடைத்துவிட்டது, பண் கிடைக்கவில்லை. பண்ணுக்கு எங்கே போனார்கள்? எருக்கத்தம்புலியூருக்கு. திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணிடம். அந்தப் பெண் பாடிக் காட்டித்தான் பண் வகுத்தார்கள் என்கிறது புராணம். கோயிலில் பூட்டி வைத்ததைக் கரையான் தின்றது. ஒரு வீட்டுப் பெண்ணின் தொண்டையில் இருந்தது பிழைத்தது. கதைதான் என்றாலும், என் தொழிலில் நான் கண்ணால் பார்ப்பதும் இதேதான்.

புதுக்கோட்டைப் பக்கம் குடுமியான்மலைக்குப் போனால் பாறையில் சுரங்களை வெட்டிவைத்த ஒரு கல்வெட்டு இருக்கிறது. உருத்திராசாரியரின் சீடனான ஒரு மன்னன், மாணவர்களின் நன்மைக்காகச் செய்தது என்று அதுவே சொல்கிறது. கல்லில் வெட்டியாயிற்று, ஆயிரத்துச் சொச்சம் வருடம் தாண்டியும் நிற்கிறது. ஆனால் அதை எப்படிப் பாடுவது என்று அறிஞர்கள் இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள். கல் இருக்கிறது, கற்றுக்கொடுத்த வீடு இல்லை.

தஞ்சாவூருக்கு வருகிறேன். பலர் மனதில் இருக்கும் "அரண்மனை" இதுதான். அங்கே சரசுவதி மகால் நூலகத்தில் பொக்கிஷங்கள் இருக்கின்றன, நானே பார்த்துப் பிரமித்திருக்கிறேன். துளஜா மன்னர் எழுதிய சங்கீத சாராம்ருதம், ஷாஹஜி மன்னரின் பதங்கள், நாடகங்கள், இரண்டாம் சரபோஜி சேர்த்த மேற்கத்திய இசை ஏடுகள் எல்லாம் இருக்கின்றன. மோடி என்ற பழைய மராத்தி எழுத்தில் எழுதிய அரண்மனைக் கணக்குகள் கட்டுக் கட்டாக இருக்கின்றன. அந்தக் கணக்குகளில் எந்த வித்வானுக்கு என்ன கொடுத்தார்கள் என்று தேடலாம். அவர் அன்றைக்குத் தோடி ராகத்தை எப்படி வாசித்தார் என்று கணக்குப்பிள்ளை எழுதமாட்டார். சாத்திர நூலும் கணக்கும் அரண்மனையில் தங்கின. பாட்டு பாடியவரோடு வீட்டுக்குப் போய்விட்டது. இதை எத்தனை தடவை சொன்னாலும் "அங்கே ஒரு காப்பி இருக்குமே சார்" என்கிறார்கள். இல்லை அய்யா. உங்கள் கையில் இருப்பதுதான் மூலம், அதுதான் காப்பி, எல்லாமே அதுதான்.

சாத்திர நூலாவது அரண்மனையால் முழுசாகப் பிழைத்ததா? ராகங்களுக்குத் தாயான 72 மேளத்தை வகுத்த வேங்கடமகியின் சதுர்தண்டி பிரகாசிகை தஞ்சை விஜயராகவ நாயக்கரின் ஆதரவில் எழுதப்பட்டது. பத்து அத்தியாயம். கடைசி அத்தியாயமும் அதற்கு முந்தியதில் ஒரு பகுதியும் இன்று கிடைப்பதில்லை.

பிழைத்தவை எப்படிப் பிழைத்தன என்று பாருங்கள். 1855-இல் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசில்லாமல் இறந்ததும் கிழக்கிந்தியக் கும்பினி தஞ்சையை எடுத்துக்கொண்டது. சபை போயிற்று. ஆனால் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற தஞ்சை நால்வரின் வர்ணங்களும் தில்லானாக்களும் நம்மிடம் இருக்கின்றன. அவர்கள் சந்ததியார் வீட்டில் வைத்திருந்து கற்றுக்கொடுத்து, பிறகு அச்சிலும் கொண்டுவந்தார்கள். தியாகராஜர் சரபோஜியின் அழைப்பையே ஏற்கவில்லை என்பார்கள். அவருடைய கீர்த்தனைகளை எழுதிவைத்தவர்கள் வாலாஜாபேட்டை வேங்கடரமண பாகவதர் போன்ற சீடர்கள். அந்தச் சுவடிகள் இப்போது மதுரை சௌராஷ்டிர சபையில் இருக்கின்றன.

எட்டயபுரத்தை மட்டும் மறக்காமல் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே அரண்மனையும் வீடும் சேர்ந்து வேலை செய்தன. 1904-இல் வெளிவந்த சங்கீத சம்பிரதாய பிரதர்சினி என்ற பெரிய கீர்த்தனைத் தொகுப்புக்குப் பொருள் கொடுத்தது சமஸ்தானம். அதை எழுதச் சொல்லிச் சின்னசாமி முதலியார் என்ற இசை ஆர்வலர் விடாமல் வற்புறுத்தினார். ஆனால் முத்துசாமி தீட்சிதரின் 229 கீர்த்தனைகளும் எங்கிருந்து வந்தன? முத்துசாமி தீட்சிதரின் தம்பி வழி வந்தவரும் அந்த நூலை எழுதியவருமான சுப்பராம தீட்சிதரின் வீட்டிலிருந்து, அவருடைய பாடத்திலிருந்து. தலைமுறையாகக் காத்த வித்தையை ஊருக்குக் கொடுக்க அவர் முதலில் தயங்கினார். பிறகு மனம் இறங்கிக் கொடுத்தார். "ராஜா கேட்டால் பார்த்துக்கொள்ளலாம்" என்று அவர் வீட்டார் அதற்கு முன்பே ஏடுகளைக் காவிரியிலோ தாமிரபரணியிலோ விட்டிருந்தால் மன்னர் எதை அச்சடித்திருப்பார்?

சரி, வீட்டில் இருப்பதை என்ன செய்வது என்பதற்கு வருகிறேன்.

முதலில், அது பாட்டுச் சுவடி என்று கண்டுபிடியுங்கள். தஞ்சை மரபில் நிறையச் சாகித்தியம் தெலுங்கில் இருக்கும், சிலது கிரந்த எழுத்தில். பேரப் பிள்ளைகளுக்குப் படிக்கத் தெரியாது. "ஜாதகக் கட்டு" என்று ஒதுக்கிவிடுவார்கள். எழுத்துத் தெரிந்த ஒருவரிடம் ஒரே ஒரு ஏட்டைக் காட்டுங்கள். தலைப்பில் ராகமும் தாளமும் இருக்கும், ஓரத்தில் பல்லவிக்கும் அனுபல்லவிக்கும் சரணத்துக்கும் ஒற்றை எழுத்து இருக்கும். ஐந்து நிமிட வேலை. அந்த ஐந்து நிமிடத்துக்குச் சோம்பிப் போய்த்தான் ஒரு பரம்பரையின் பாடாந்தரத்தை, அதாவது அவர்கள் பாடும் முறையை, தொலைக்கிறோம்.

லேமினேஷன் வேண்டவே வேண்டாம். செல்லோ டேப் வேண்டாம். கிழிந்தது கிழிந்தபடி இருக்கட்டும், அதைச் சரிசெய்ய எங்களால் முடியும். டேப்பை உரிப்பதற்குத்தான் நாங்கள் நாள் கணக்கில் உட்கார வேண்டியிருக்கிறது. பழைய நோட்டை ஜெராக்ஸ் மெஷினில் கவிழ்த்து அமுக்கினால் தையல் தெறித்துவிடும். ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து செல்போனில் படம் எடுங்கள், போதும். அட்டை, காலிப் பக்கம், மளிகைக் கணக்கு எழுதிய பக்கம் எதையும் விடாமல் எடுங்கள். சுரத்துக்கு மேலும் கீழும் இருக்கும் சின்னக் கோடு, புள்ளி, சுழி எதுவும் அழுக்கு இல்லை. அதில்தான் ஸ்தாயியும் காலமும் கமகமும் இருக்கிறது. "நீட்டாக" வேறு நோட்டில் எழுதிவிட்டுப் பழையதைத் தூக்கிப் போட்டவர்கள் அந்தக் கோடுகளை விட்டுவிட்டுத்தான் எழுதியிருக்கிறார்கள்.

ஓலைக்குத் தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள். தூசியும் பூச்சியும் வந்து ஒட்டும். நாங்கள் புல்தைலம் பூசுவதைப் பார்த்துவிட்டு வீட்டில் செய்து பார்க்கவும் வேண்டாம். எந்த ஓலைக்கு, எவ்வளவு, எப்போது என்று ஒரு கணக்கு இருக்கிறது. எழுத்து மங்கிவிட்டது என்று பேனாவால் மேலே எழுதாதீர்கள். ஓலையில் இருப்பது எழுத்தாணி கீறிய பள்ளம். மையாடினால், அதாவது மை தடவித் துடைத்தால், எழுத்து தானாக எழும்பிவரும். முதல் தடவை அதைப் பார்க்கிற வீட்டுக்காரர்கள் அழுதுவிடுவதும் உண்டு.

பூஜை அறையில் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பக்தி எனக்குப் புரிகிறது. சரஸ்வதி பூஜைக்கு எடுத்து வையுங்கள், மறுநாள் திருப்பி வைத்துவிடுங்கள். குங்குமத்தையும் சந்தனத்தையும் ஏட்டின் மேல் வைக்க வேண்டாம், கட்டின் மரச் சட்டத்தின் மேலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வருடம் முழுக்க விளக்குப் புகையும் கற்பூரப் புகையும் படும் இடத்தில் வைக்காதீர்கள். பிளாஸ்டிக் கவரில் போட்டு இறுக்கிக் கட்டாதீர்கள், பூஞ்சை பிடிக்கும். துவைத்த பருத்தித் துணியில் சுற்றி, தரையையும் சுவரையும் தொடாத மர அலமாரியில் வையுங்கள். துணிக்குள் வசம்புத் துண்டு போடலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். கரையானும் இராமபாணப் பூச்சியும் நீங்கள் திறக்காத பெட்டியைத்தான் தேடி வருகின்றன.

யாருக்காவது கொடுத்துவிட நினைத்தால் தாராளமாகக் கொடுங்கள். சரசுவதி மகால், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம், சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் என்று இடங்கள் இருக்கின்றன. இன்னார் எழுதியது, இந்தச் சபையில் அல்லது இந்தக் கோயிலில் இருந்தார், இன்னாரிடம் கற்றார் என்று ஒரு தாளில் எழுதிச் சேர்த்துக் கொடுங்கள். அது இல்லாமல் வரும் கட்டு பெயரில்லாத பிள்ளை மாதிரி.

என்னிடமோ வேறு யாரிடமோ கொண்டுவருவதாக இருந்தால் கயிற்றை அவிழ்க்காமல் கொண்டுவாருங்கள். அவிழ்த்தாயிற்றா, பரவாயில்லை, வரிசை கலையாமல் அப்படியே சட்டத்துக்குள் வைத்துக் கட்டிவிடுங்கள்.

அந்த அண்ணன் தம்பிகள் கிளம்பும்போது வீட்டில் வேறு யாராவது பாடுவார்களா என்று கேட்டேன். "யாரும் இல்ல சார், எல்லாரும் வேற வேலைக்குப் போயிட்டோம்" என்றார் மூத்தவர். கொஞ்சம் யோசித்துவிட்டு இளையவர், "அத்தை இருக்காங்க. தாத்தா சொல்லிக்கொடுக்கறப்ப கேட்டுக்கிட்டே இருப்பாங்களாம். எப்பவாவது அடுப்படியில முணுமுணுப்பாங்க" என்றார். அத்தைக்கு எண்பது தாண்டிவிட்டது. அன்றைக்குச் சாயங்காலமே போய் போனில் பதிவு செய்யச் சொன்னேன். நோட்டின் பதினோராவது தாளில், லேமினேஷன் சூட்டில் மை பரவி மூன்று வரி படிக்க முடியாமல் போயிருந்த ஒரு வர்ணம் இருக்கிறது. அதன் ராகத்தையும் முதல் வார்த்தையையும் எழுதிக் கொடுத்தனுப்பினேன். இரவு ஒன்பது மணிக்குப் பதிவு வந்தது. குரல் நடுங்குகிறது, இரண்டு இடத்தில் மூச்சு வாங்குகிறது, பின்னால் குக்கர் சத்தம் கேட்கிறது. அந்த மூன்று வரியும் இருக்கிறது.