வோலாத்தா: விரைவோட்டமா, பாய்ச்சலா?

சைக்கிள் பந்தயத்தின் கடைசி சில நூறு மீட்டரில் எல்லைக்கோட்டை நோக்கி நடக்கும் முட்டல்மோதலுக்கு இத்தாலியர் வைத்த பெயர் ‘வோலாத்தா’. ‘வோலாரே’, அதாவது பறப்பது, என்ற வினையிலிருந்து பிறந்தது. அதில் தேர்ந்தவர் ‘வெலோச்சிஸ்தா’. வேகமான என்று பொருள்படும் ‘வெலோச்சே’தான் இதற்கு அடி. ஆங்கில ‘ஸ்பிரிண்ட்’டின் வேர் ஸ்காண்டிநேவிய மொழிகளில் இருக்கிறது. அங்கே அது துள்ளி எழுவதைக் குறித்தது.

தமிழில் ‘விரைவோட்டம்’ என்று எழுதுகிறோம். தடகளத்துக்கு அது சரி. 100 மீட்டர் ஓடுபவர் முதல் அடியிலிருந்தே முழு பலத்தையும் போட்டு ஓடுகிறார். சைக்கிளில் கதை வேறு. 200 கிலோமீட்டர் தூரம் கூட்டத்துக்குள் ஒளிந்து, அடுத்தவர் முதுகுக்குப் பின்னால் காற்றுக்குத் தப்பி, காலில் பலத்தைச் சேர்த்து வைத்து, கடைசி சில நொடிகளில் மொத்தத்தையும் கொட்ட வேண்டும். புலி பதுங்குவது பாய்வதற்கே என்போமே, அதேதான். அதனால் ‘பாய்ச்சல்’ என்பதே பொருத்தம் என்பேன். பதுங்கலும் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

இத்தாலிய சைக்கிள் பந்தய வீரர் மாரியோ சிப்போலினியைப் பார்த்தால் இது விளங்கும். 1967இல் பிறந்த லுக்கா ஊர்க்காரர். குடும்பப் பெயருக்கு இத்தாலியில் ‘சின்ன வெங்காயங்கள்’ என்று பொருள். ரசிகர்கள் வைத்த பெயரோ ‘சிங்க ராஜா’. அவர் ஓட்டிய சயேக்கோ அணியில் சிவப்புச் சட்டைக்காரர்கள் ரயில் பெட்டிகள்போல வரிசையாக முன்னால் காற்றைக் கிழித்துப் போவார்கள். முதல் ஆள் களைத்து ஒதுங்குவார், அப்புறம் அடுத்தவர், அப்புறம் அடுத்தவர். கடைசி ஆளும் விலகியதும் சிப்போலினி இருக்கையை விட்டு எழுந்து பாய்வார்.

மூன்று வாரம், நாளுக்கொரு கட்டமாக நடக்கும் பிரான்ஸின் பந்தயமான டூர் டி பிரான்ஸில், 1999இல் தொடர்ந்து நான்கு கட்டங்களை இப்படி வென்றார். அதே டூரில் ஜூலியஸ் சீசர் வேடத்தில் வந்து நின்றார். தசைநார் தெரிவதுபோல அச்சிட்ட உடையில் ஓட்டி அபராதமும் கட்டியிருக்கிறார். மலை ஏறுவது அவருக்கு ஆகாது, டூரை ஒருமுறைகூட முழுதாக முடித்ததில்லை. அப்படியும் மக்கள் அவரைக் கொண்டாடினார்கள். 2002இல் இத்தாலியின் ஒருநாள் பந்தயமான மிலான்–சான்ரெமோவை வென்றார், அதே ஆண்டு பெல்ஜியத்தின் சோல்டரில் உலகச் சாம்பியன் ஆனார். 2003இல், சொந்த ஊருக்குப் பக்கத்து மோன்தெகாத்தினியில், டூர் போலவே இத்தாலியில் நடக்கும் ஜீரோ தித்தாலியாவில் அவருடைய 42ஆவது கட்ட வெற்றி. பழைய இத்தாலிய வீரர் அல்ஃப்ரெதோ பிண்டா 1933இல் நிறுத்திய 41 என்ற கணக்கு, 70 ஆண்டு கழித்து அன்றுதான் உடைந்தது.

வோலாத்தாவுக்கு ‘இறுதிப் பாய்ச்சல்’, வெலோச்சிஸ்தாவுக்குப் ‘பாய்ச்சல் வீரர்’ என்று எழுதலாம். முன்னால் இழுத்துச் செல்லும் அணி வரிசையை இத்தாலியரே ‘த்ரேனோ’, ரயில், என்றுதான் சொல்கிறார்கள். நாமும் ரயில் என்றே வைத்துக்கொள்ளலாம்.